குரல் நின்றால் கிரேன் நிற்கும்

ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்க வேண்டுமென்றால் வழக்கமாக மூக்கையோ நடையையோதான் பிடிப்பார்கள். இவர் விஷயத்தில் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கட்டட சைட்டில் எஞ்சினியர் முதல் சிமெண்ட் கலக்குகிறவர் வரை எல்லாருக்கும் இவர் ‘கையாட்டி’தான். சம்பளப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பார்.

வேலை இதுதான். அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் கிரேன் ஓட்டுகிறவன். அவனால் சரக்கைத் தூக்க முடியும், திருப்ப முடியும். அது போய் இறங்குகிற இடம் மட்டும் பாதி நேரம் கண்ணுக்குத் தெரியாது. கீழே நிற்கிற கையாட்டி ஆட்காட்டி விரலை உயர்த்திச் சுழற்றினால் மேலே தூக்குவான். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்குவான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால், எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்துவான். இருபத்திரண்டு வருடங்களாக இந்தக் கைகளை நம்பித்தான் கம்பிக்கட்டுகளும் கண்ணாடிச் சட்டங்களும் ஆட்களின் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தன.

கைக்கு இவ்வளவு வேலை கொடுத்தவர் வாய்க்கு ஓய்வு கொடுத்துவிட்டார். வீட்டிலும் அப்படித்தான். மின்விசிறியின் வேகத்தைக் குறைக்க உள்ளங்கையைக் கவிழ்த்து அசைப்பார். சோறு போதும் என்பதற்கு இரண்டு கைகளையும் விரிப்பார். மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட வேண்டும். கல்யாணமான புதிதில் விருந்தாளிகள் இதைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவன் மனைவியின் தம்பி. கையாட்டியின் மச்சான். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசி ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் ஒரு செங்கல்கூடத் தவறி விழுந்ததில்லை. பேச்சுவார்த்தை முறிந்த இருவர் நாளொன்றுக்கு எண்பது தடவை பேசிக்கொள்ளும் இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சண்டைக்குக் காரணம் ஒரு பீரோ.

ஆறு வருடத்துக்கு முன்னால் மச்சான் மூன்றாவது மாடியில் புது வீட்டுக்குக் குடிபோனான். சாம்பல் நிற இரும்பு பீரோ ஒன்றை மாடிப்படி வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. தெருமுனையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டான். கையாட்டியைக் கூப்பிடவில்லை. அந்த நாலு பேரும் நாலு திசையில் இழுத்ததில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டு இடுப்பு நெளிந்தது.

செய்தி கேட்டதும் கையாட்டி சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். ஊரான் வீட்டு இரும்பையெல்லாம் இவர் கையைப் பார்த்து இறக்குகிறவன், சொந்த பீரோவுக்கு எவனோ நாலு பேரைக் கூப்பிடுகிறான். ஒரு வைத்தியருக்கு அவருடைய மைத்துனன் தனக்குக் காய்ச்சல் என்று வேறு வைத்தியரிடம் போனதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. “என்னைக் கூப்பிட்டிருந்தா அது நெளிஞ்சிருக்குமா? கேளு அவனை” என்று மனைவியிடம் சொன்னார். அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

இங்கே மனைவியின் தொழிலைச் சொல்ல வேண்டும். ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். யார் எழுதியதையும் அப்படியே விட்டு வைக்க அவளால் முடியாது. கடைப் பலகைகளைப் படித்தபடி நடப்பாள். பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். கணவர் சொன்னதைத் தம்பியிடம் கொண்டுபோனபோது அது, “பீரோ நெளிஞ்சதைக் கேட்டு மாமா ரொம்ப வருத்தப்பட்டார்டா” என்று ஆகியிருந்தது. தம்பி அதற்கு ஒரு நீளமான பதில் சொன்னான். அது இவரிடம் வந்து சேர்ந்தபோது, “உங்களுக்கு வேலை அதிகம்னு கூப்பிடலையாம்” என்று சுருங்கியிருந்தது. “புது வீட்டுக்கு மாமாவைக் கட்டாயம் கூட்டிட்டு வா” என்று அவன் சொன்னது, “முடிஞ்சா வரச் சொன்னான்” என்று வந்தது. இரண்டு பக்கமும் கரடுமுரடு ஒன்றும் இல்லை. எல்லாம் வழவழப்பாக இருந்ததால் ஒருவருக்கும் பிடிமானம் கிடைக்கவில்லை. அவன் வாய் திறக்கட்டும் என்று இவரும், பெரியவர் அவர் ஆரம்பிக்கட்டும் என்று அவனும் காத்திருந்ததில், பீரோவுக்கு ஆறு வயது ஆகிவிட்டது.

பீரோவுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே கையாட்டியிடம் ஒரு ரகசியம் இருந்தது. வலது தோள்பட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. எண்ணெய் காணாத கீல் போல. முதலில் கை தலைக்கு மேலே போகும்போது வலித்தது. பிறகு வலி வருகிற அளவுக்குக்கூட மேலே போகவில்லை. இப்போது நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே, தாடைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடுகிறது. தலை வாருவது இடது கையால். மனைவி பார்த்தபோது, “இடது கையைப் பழக்கினா மூளைக்கு நல்லதாம், பேப்பர்ல போட்டிருந்தான்” என்றார்.

“எந்தப் பக்கத்துல?” என்றாள் அவள். அதற்கு மேல் கேட்கவில்லை.

சைட்டின் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரு விதிப்புத்தகம் இருந்தது. வெள்ளை ஹெல்மெட் போடுகிறவர் என்பதால் அவர் பெயர் வெள்ளைத்தொப்பி. தூக்கச் சொல்லும் கை ஹெல்மெட்டுக்கு மேலே உயர வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. வெள்ளைத்தொப்பி பக்கத்தில் வரும்போதெல்லாம் கையாட்டி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அந்த சைட்டிலேயே அடிக்கடி அவிழும் கயிறு அவருடையதுதான்.

இடது கையால் காட்டலாமே என்று தோன்றும். ஒருநாள் சரக்கைத் திருப்பச் சொல்லிக் காட்டியும் பார்த்தார். கிரேன் அசையவில்லை. மூன்று நிமிடம் அப்படியே நின்றது. வலது கை வந்த பிறகுதான் நகர்ந்தது. ‘என் இடது கையைக்கூட மதிக்க மாட்டேன் என்கிறானா’ என்று கையாட்டி அதையும் பீரோவின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கை ஏறாது என்று தெரிந்தால் கேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கேட் வேலை கெட்ட வேலையல்ல. நாற்காலி உண்டு, நிழல் உண்டு. வருகிற லாரியின் எண்ணை எழுத வேண்டும், போகிற லாரியின் எண்ணை எழுத வேண்டும். ஆனால் அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அது ரோட்டைப் பார்த்து இருந்தது. கிரேன் முதுகுப் பக்கம். அங்கே போய் உட்கார்ந்தால் இந்த எண்பது தடவைப் பேச்சும் நின்றுவிடும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்பதும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் கம்பெனி வாக்கிடாக்கி வாங்கியது.

இனிமேல் கை இரண்டாம்பட்சம், குரல்தான் முதல் என்றார்கள். கேட்டதும் கையாட்டிக்குத் தலையிலிருந்து ஒரு கம்பிக்கட்டை இறக்கி வைத்தது போலிருந்தது. கை தப்பித்தது. அடுத்த நொடியே வேறொரு கட்டு ஏறி உட்கார்ந்தது. குரல் என்றால் வாயைத் திறக்க வேண்டும். அதுவும் அவனிடம்.

முதலில் ஒருநாள் வகுப்பு. ‘தகவல் தொடர்பில் ஏழு தடைகள்’ என்று தலைப்பு. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் திரையில் படம் மேல் படமாகக் காட்டினார். சத்தம் ஒரு தடை, தூரம் ஒரு தடை, கோபம் ஒரு தடை, ‘அவன் இப்படித்தான் நினைப்பான்’ என்று நாமே முடிவு செய்துகொள்வது ஒரு தடை, இடையில் ஆள் வைத்துப் பேசுவது ஒரு தடை. மற்ற இரண்டையும் சாப்பாட்டு நேரம் விழுங்கிவிட்டது. ஒவ்வொரு தடை வரும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொக்கி, கையாட்டியை முழங்கையால் இடித்தான். சரக்கைக் கட்டிக் கொக்கியில் மாட்டுகிறவன் என்பதால் அவன் கொக்கி.

“அண்ணே, உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருப்பாரோ?”

“சும்மா இருடா.”

“இல்லண்ணே, அஞ்சுக்கு அஞ்சு அடிச்சிருக்கார். அதான் கேட்டேன்.”

சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி. சேர்ந்து வேலை செய்கிற இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, மற்றவரிடம் தமக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பட்டியலில் ‘சிக்னல் – கிரேன்’ என்று இருந்தது. உட்கார்ந்தார்கள். கையாட்டி மச்சானின் ஷூவைப் பார்த்தார். மச்சான் கையாட்டியின் ஷூவைப் பார்த்தான். அறை முழுவதும் சந்தைக்கடை போல இரைந்துகொண்டிருந்தபோது இந்த மூலை மட்டும் பத்து நிமிடம் கப்சிப். பயிற்சியாளர் பார்த்துவிட்டுக் கை தட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

“எல்லாரும் இங்க பாருங்க. ஒருத்தர் பேசறதை இன்னொருத்தர் எவ்வளவு ஆழமா கேக்கிறாங்க! இதுதான் கேட்கும் கலை.”

எல்லாரும் கைதட்டினார்கள். கொக்கி எழுந்து நின்றே தட்டினான்.

வாக்கிடாக்கிக்கு விதிகள் நாலைந்துதான். சிக்னல் கொடுப்பவர்தான் முதலில் கூப்பிட வேண்டும். பெயர் கூடாது, உறவுமுறை கூடாது; ‘கிரேன்’, ‘சிக்னல்’ என்றுதான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும்வரை சரக்கு நகரக் கூடாது. சரக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போது சிக்னல் விடாமல் பேச வேண்டும். குரல் நின்றால் கிரேன் நிற்கும். நின்றதும் ஓட்டுநர் காரணம் கேட்க வேண்டும். திங்கட்கிழமை தேர்வு. தேறாத ஜோடியைப் பிரித்து, ஓட்டுநரை வேறு சைட்டுக்கும் சிக்னலைக் கேட்டுக்கும் அனுப்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையாட்டி ஒரு சோப்புப் பெட்டியை வாக்கிடாக்கி போலப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். வாயருகே கொண்டு போவார், எடுத்துவிடுவார். மனைவி ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“சிக்னல்தான் முதல்ல கூப்பிடணுமாம்” என்றார் கடைசியில்.

“கூப்பிடுங்களேன்.”

“அப்ப நான்தான் முதல்ல பேசின மாதிரி ஆகும்.”

“அதை எழுதினது புஸ்தகம். நீங்க படிக்கிறீங்க, அவ்வளவுதான். அச்சடிச்சதை வாசிக்கிறதுல என்ன மானக்கேடு?” என்றாள் நிமிராமல். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, “வேணும்னா தம்பிகிட்ட நான் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?” என்றாள்.

கையாட்டி இரண்டு கைகளையும் விரித்தார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை. வெள்ளைத்தொப்பி மூன்றாவது வாக்கிடாக்கியைக் காதோரம் வைத்துக்கொண்டு, அட்டையில் செருகிய தாளோடு வந்து நின்றார். ஆளேற்றும் லிஃப்ட் பழுது என்பதால் அன்றைக்குப் பத்தாவது மாடிக்கு உள்சாமான்களைக் கிரேனில்தான் ஏற்ற வேண்டும். கொக்கி இரும்புக் கூடைக்குள் சரக்கை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். கையாட்டி அப்போதுதான் பார்த்தார். நாலு பீரோ. இரும்பு. சாம்பல் நிறம்.

கொக்கி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான் ஆர்டர் பண்ணலை அண்ணே” என்றான்.

கீழே ஆட்களையெல்லாம் விலக்கிக் கயிறு கட்டியாகிவிட்டது. கையாட்டி பொத்தானை அழுத்தினார். எதிர்பார்த்ததைவிடச் சின்னக் குரலாக வந்தது.

“கிரேன், கிரேன். சிக்னல் பேசறேன். கேக்குதா?”

மேலே கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும். ஆறு வருடம் ஐந்தாறு நொடிகளில் கடந்து போனது.

“சிக்னல், கிரேன் பேசறேன். கேக்குது. நல்லாக் கேக்குது.”

வெள்ளைத்தொப்பி ஒரு டிக் போட்டார். மற்ற வாக்கிடாக்கிகள் இருந்த இடங்களிலெல்லாம், என்ன காரணத்தாலோ, வேலை கொஞ்சம் மெதுவானது. கலவை எந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

“மேலே. மேலே. மேலே. மேலே.” கையாட்டி பேருந்தில் ஊர்ப்பெயர் கூவுகிறவர் போல ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டிருந்தார். கூடை ஏறியது. ஐந்தாவது மாடி, ஏழாவது, ஒன்பதாவது. “மேலே. மேலே. நில்.”

“நில். நின்னாச்சு.”

பத்தாவது மாடி மேடையில் ஆட்கள் கைப்பிடிக் கம்பியைக் கழற்ற நாலு நிமிடம் கேட்டார்கள். கூடை காற்றில் லேசாகச் சுழன்றது. வெயில் பட்டு நாலு பீரோவும் ஒன்றன்பின் ஒன்றாக முகம் காட்டின. கையாட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“சிக்னல், குரல் நின்னுடுச்சு. காரணம் சொல்லுங்க” என்றான் மச்சான், விதிப்படி.

‘காத்திருப்பு’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்காகவே புத்தகத்தில் கொடுத்திருந்த சொல். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோப்புப் பெட்டியிடம் அதை நூறு தடவை சொல்லியிருந்தார்.

“பீரோ” என்றார்.

“பீரோ. சரி. பீரோவுக்கு என்ன?”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பீரோ ஏத்தினே. என்னை ஏன் கூப்பிடலை?”

வெள்ளைத்தொப்பியின் பேனா தாளுக்கு மேலே நின்றது. மேலே கூண்டுக்குள் ஒரு சின்ன உருவம் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக் கீழே பார்ப்பது தெரிந்தது.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி பீரோ ஏத்த உங்களை ஏன் கூப்பிடலைன்னு கேக்கிறீங்க. சரியா?”

“சரி.”

“அன்னைக்கே அக்காகிட்ட காரணம் சொல்லிவிட்டேனே.”

“காரணம் சொல்லிவிட்டேன்கிறே. எனக்கு வந்தது, ‘வேலை அதிகம்’. அவ்வளவுதான் வந்துது.”

“வேலை அதிகமா? அப்படி நான் சொல்லவே இல்லை.”

“பின்னே என்ன சொன்னே?”

மச்சானின் குரல் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. ஆபத்தான சரக்குக்குத்தான் அவன் அப்படிப் பேசுவான்.

“மாமாவுக்கு வலது தோள்பட்டை சரியில்லை. கை முன்ன மாதிரி மேலே ஏற மாட்டேங்குது, மேலேருந்து எனக்குத் தெரியுது. பீரோன்னு கூப்பிட்டா சும்மா நின்னு கையை மட்டும் ஆட்டிட்டுப் போற ஆள் இல்லை, தோள் கொடுத்துத் தூக்குவார். அதனால கூப்பிடலை. இதைத்தான் சொல்லிவிட்டேன். திருப்பிச் சொல்லுங்க, சிக்னல்.”

அவன் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. வாக்கிடாக்கியில் எதைச் சொன்னாலும் கடைசியில் அப்படித்தான் முடிக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். தன் அக்காள் கணவரின் ரகசியத்தைச் சைட் முழுவதற்கும் ஒலிபரப்பிவிட்டோம் என்பது பொத்தானை விட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கும்.

கையாட்டி பக்கத்தில் பார்த்தார். வெள்ளைத்தொப்பி இரண்டடி தள்ளி நின்றார். ஷூ கயிறு கட்ட இதைவிட அவசரமான நேரம் அவருக்கு வாய்த்ததில்லை. குனியவில்லை. ஆறு வருடம் மூடி வைத்தது, பார்த்தால், மேலே இருந்தவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்.

திருப்பிச் சொல்லும்வரை சரக்கு நகராது. நாலு பீரோ காத்திருந்தன.

“எனக்குத் தோள்பட்டை சரியில்லை” என்றார். “வலது கை மேலே ஏறாது. அது உனக்கு ஆறு வருஷமாத் தெரியும். நான் காட்டின அரைக் கையை முழுக் கைன்னு எடுத்துக்கிட்டுத்தான் இத்தனை நாளா ஓட்டிக்கிட்டிருக்கே. சரியா?”

“சரி, மாமா.”

விதிப்படி உறவுமுறை கூடாது. வெள்ளைத்தொப்பி எதுவும் எழுதவில்லை.

“இடது கையைக் காட்டினப்போ?”

“அதுல இடம் வலமாத் தெரிஞ்சுது மாமா. எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியாம நின்னுட்டேன்.”

“அந்த பீரோ என்ன ஆச்சு?”

“இன்னும் கதவு சாத்தறதில்லை. செங்கல் முட்டுக் கொடுத்திருக்கேன்.”

“திருப்பத்துல நிமித்தி ஏத்தியிருக்கணும்.”

“நிமித்தி ஏத்தியிருக்கணும். சரி.”

மூன்றாவதாக ஒரு குரல் குறுக்கே வந்தது. “பத்தாவது மாடியிலேருந்து பேசறேன். கம்பியைக் கழட்டி அஞ்சு நிமிஷமாச்சு. உங்க குடும்ப விஷயம் முடிஞ்சுதுன்னா இந்த பீரோவைக் கொஞ்சம் இறக்கிடுங்க.”

இறக்கினார்கள். உள்ளே. உள்ளே. கீழே. கீழே. மெதுவா. நில். நாலு பீரோவும் ஒரு கீறல் இல்லாமல் மேடையில் உட்கார்ந்தன.

வெள்ளைத்தொப்பி தாளைப் பூர்த்தி செய்ய நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். முதலில் கூப்பிட்டது, சரி. சொல் தெளிவு, சரி. திருப்பிச் சொன்னது, சரி. ‘மிக நன்று’ என்று ஓரத்தில் எழுதினார். தேவையற்ற பேச்சு என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டு, பிறகு அந்தக் கோட்டை அடித்தார். தாளை மடித்துவிட்டு, “கையைத் தூக்குங்க பாக்கலாம்” என்றார்.

கையாட்டி தூக்கினார். தாடைக்குக் கீழே வந்து நின்றது.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் சார்.”

வாக்கிடாக்கி திறந்திருந்தது. “சார், கிரேன் பேசறேன். எனக்கு அந்தக் கை போதும் சார். ஆறு வருஷமா அதை வச்சுத்தான் ஓட்டறேன். ஒரு தப்பு நடந்ததில்லை.”

“உங்களுக்குப் போதும்” என்றார் வெள்ளைத்தொப்பி. “நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல், வேற ஆள் மேலே ஏறினா? அவருக்கு இது அரைக் கைன்னு எப்படித் தெரியும்? திருப்பிச் சொல்லுங்க.”

அறுபது மீட்டர் உயரத்திலிருந்து, “எனக்குக் காய்ச்சல் வந்தா வேற ஆளுக்குத் தெரியாது. சரி சார்” என்று வந்தது. வெள்ளைத்தொப்பி சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லாரையும் எரிச்சலூட்டியது அதுதான்.

தீர்ப்பு இப்படி ஆனது. மூன்று மாதம். அதுவரை கையாட்டி வாயால் மட்டும் சிக்னல் தரலாம். வாக்கிடாக்கி பேட்டரி தீர்ந்தால் கை காட்டுவதற்குப் பக்கத்தில் கொக்கி நிற்க வேண்டும். மருத்துவமனையில் பயிற்சி செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கை ஹெல்மெட்டைத் தாண்டாவிட்டால், கேட்.

மாலையில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் வெட்டாமல், ஒன்றையும் சேர்க்காமல், வரிசையாக. அவள் கேட்டு முடித்தாள்.

“ஆக, என்னை விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டீங்க.”

“ஆமா.”

“ஊரே கேக்க, நான் சொன்னது இப்படி, வந்தது அப்படின்னு ஒப்பிட்டுப் பாத்தீங்க.”

“ஒப்பிட்டுன்னு இல்லை...”

“ஆறு வருஷம் உங்க ரெண்டு பேர் வாயிலேயும் வந்ததையெல்லாம் வடிகட்டி, ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகாமப் பாத்துக்கிட்டேன். தோள்பட்டைன்னு சொன்னா நீங்க நொந்துபோவீங்கன்னு அதை எடுத்தேன். அதுக்கு இதுதான் மரியாதையா? இனிமே என்கிட்ட ரெண்டு பேரும் பேச வேண்டாம்.”

கையாட்டிக்குக் காலையில் கற்றுக்கொண்டது நினைவுக்கு வந்தது. “இனிமே உன்கிட்ட ரெண்டு பேரும் பேச வேண்டாங்கிறே. சரியா?”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திருப்பிச் சொல்வது எல்லா இடத்திலும் செல்லாது என்பதைப் பயிற்சியாளர் சொல்லவில்லை. ஒருவேளை சாப்பாட்டு நேரம் விழுங்கிய அந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

சொன்னபடியே அவள் பேசவில்லை. மச்சானும் கையாட்டியும் வாக்கிடாக்கியில், சரக்கு இல்லாத நேரமாகப் பார்த்து, “அக்கா ஏதாவது சொல்லிச்சா?” “இல்லை. உன்கிட்ட?” “இல்லை மாமா” என்று நிலவரம் பரிமாறிக்கொண்டார்கள். வெள்ளைத்தொப்பி இருமினால் நிறுத்திக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் கொடுத்த பயிற்சி சுலபமானது. சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சிலந்தி போலச் சுவரில் மேலே மேலே நடக்க விட வேண்டும். எது வரை போகிறதோ அங்கே ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டப் பார்க்க வேண்டும். சமையலறைக்கு வெளியே இருந்த சுவரில் முதல் நாள் தாடை மட்டத்தில் ஒரு பென்சில் கோடு விழுந்தது.

மூன்றாவது நாள், கோட்டைத் தொட்டுவிட்டுக் கையை இறக்கப் போனார். முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. வாய் மூடியிருந்தது. வலது கையை உயர்த்தி, ஆட்காட்டி விரலைச் சுழற்றினாள். மேலே.

கையாட்டி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். விரல் இன்னும் அரை அங்குலம் நடந்தது. வலித்தது. மறுபடி திரும்பிப் பார்த்தார். அவள் விரல் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அடுத்த அரை அங்குலத்தில் அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் இரண்டு கைகளையும் விரித்தாள். பிறகு வந்து புதிய கோட்டைப் போட்டாள். சிவப்புப் பேனாவால் போட்டாள். அந்த இடத்தில் கணவர் முந்தின நாள் கோணலாகப் போட்டிருந்த கோட்டையும் நேராக்கினாள். அதன் பிறகு தினமும் அப்படியே நடந்தது. இருபதாவது நாளோ என்னவோ அவள், “முழங்கையை மடக்காதீங்க” என்றாள். பேச்சு திரும்பியது என்று சொல்லிக்கொள்ளலாம். கையாட்டி சொல்லிக்கொள்ளவில்லை, கெட்டுவிடப் போகிறது என்று.

மூன்று மாதம் முடிந்த திங்கட்கிழமை, வெள்ளைத்தொப்பி அளவுகோலோடு வந்தார். கையாட்டி கையைத் தூக்கினார். தாடை, மூக்கு, நெற்றி, ஹெல்மெட்டின் விளிம்பு, ஹெல்மெட்டின் உச்சி. அதற்கும் மேலே இரண்டு விரற்கடை. வெள்ளைத்தொப்பி இரண்டு தடவை அளந்தார். தாளில் கையெழுத்துப் போட்டார். கேட் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கொக்கி இந்தத் தடவையும் நின்றுகொண்டே கைதட்டினான்.

“பேட்டரி இல்லாம ஒரு தடவை பாத்துடலாம்” என்றார் வெள்ளைத்தொப்பி. “வெறும் கிரேன் கொக்கி மட்டும்தான். சரக்கு வேண்டாம்.”

கையாட்டி வாக்கிடாக்கியை அணைத்து இடுப்பில் செருகினார். இருபது அடி தள்ளிப் போய், வெயிலில், எல்லாரும் பார்க்க நின்றார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கிரேனைப் பார்த்து, விதிப்புத்தகத்தில் இருந்த படம் போலவே, கை தலைக்கு மேலே நிமிர்ந்தது. விரலைச் சுழற்றினார்.

கிரேனின் கொக்கி ராக்கெட் போல மேலே பாய்ந்தது.

கையாட்டி பதறிப்போய் இரண்டு கைகளையும் விரித்தார். அது நின்று, இரும்புக் கயிறு முழுவதும் ஆடியது. கூண்டுக்குள் மச்சான் எழுந்து நின்று கண்ணாடியைத் தட்டினான். காதைக் காட்டினான். கையாட்டி வெள்ளைத்தொப்பியைப் பார்த்தார். வெள்ளைத்தொப்பி தலையசைத்தார். கையாட்டி வாக்கிடாக்கியைப் போட்டார்.

“என்னடா?”

“மாமா” என்றான் மச்சான். மூச்சு வாங்கினான். “அரைக் கைன்னா தூக்குன்னு பழகிட்டேன். முழுக் கையைக் காட்டினா, பறக்க விடுங்கிறீங்கன்னு நினைச்சுட்டேன். கையைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுங்க மாமா. ஒண்ணும் புரியலை.”